எனி டவுட்ஸ்?

எனி க்வெஸ்சன்ஸ், எனி க்வெஸ்சன்ஸ், எனி க்வெஸ்சன்ஸ். டவுட்ஸ் இல்லை. வாய் தவறியும் டவுட்ஸ் இல்லை. பாடம் முடிந்ததும் போர்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தில் ஒரு சிரிப்பைப் பூசிக்கொண்டு, எனி க்வெஸ்சன்ஸ் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், நான் பாஸ். ஒரு வார்த்தையை விழுங்கத் தெரியாமலா பதினாலு வருஷம் பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் மிஸ்ஸாகக் குப்பை கொட்டினேன். பின் வரிசையில் ஜன்னல் பக்கம் ஈரக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஜேக் பாடம் நடத்துகிறான். அவன் முடித்ததும் நான். ஒரே வகுப்பு, ஒரே மாணவர்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுக்கிற நாங்கள் மாறி மாறி நடத்துவோம், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம். எங்கள் வரிசையின் அந்தக் கோடியில் ஹிலரி, எங்களைப் பயிற்றுவிக்கிறவர், உட்கார்ந்து எழுதிக்கொண்டேயிருப்பார். எனக்கு இது கடைசிப் பாடம். போன பாடத்தில் ஃபெயில். இதுவும் போனால் சான்றிதழ் கிடையாது என்று ஹிலரி சொல்லிவிட்டார், தோளைத் தொட்டு, ரொம்பப் பிரியமாக. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற பிரியம். சான்றிதழ் இல்லையென்றால் இந்தப் பிராக் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடமும் என்னை உள்ளே விடாது. அப்புறம் நான் சிவசைலத்தின் மனைவி, பூரணியின் அம்மா. அவருடைய கம்பெனி காகிதத்தில் எனக்குப் போட்டிருக்கிற பெயர் டிபென்டென்ட். ஒன்பது வயசுப் பூரணிக்கும் அதே வார்த்தை, அவள் மூக்கைத் துடைத்துவிடுகிற எனக்கும் அதே வார்த்தை. அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்றைக்கே, இது என்ன வார்த்தை என்று கேட்டேன். ஃபார்மாலிட்டி வடிவு, என்றார் இவர். இவருக்கு உலகத்தில் எல்லாமே ஃபார்மாலிட்டி.

ஜேக் சட்டையைப் பாதி உள்ளே விட்டு, பாதியை வெளியே விட்டிருக்கிறான். மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுகிறான். எங்கள் பள்ளிக்கூடத்தில் மேஜை மேல் இப்படி ஒரு வாத்தியார் உட்கார்ந்தால் தலைமையாசிரியை மதர் அன்றைக்கே அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். இங்கே அதற்குப் பெயர் ரிலாக்ஸ்டு. ஹிலரி எழுதுகிறார், புன்னகையோடு எழுதுகிறார், அந்தப் பேனா அவனுக்கு ஓடுகிற வேகமே வேறு. ஹீட்டர் உஸ்ஸென்று சத்தம் போடுகிறது. நாலு மணிதான், அதற்குள் வெளியே இருட்டிவிட்டது, ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது, பொட்டு கொஞ்சம் விலகியிருக்கிறது. சரி செய்யலாம். செய்தால் ஹிலரி பார்ப்பார். பார்க்கட்டும். ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ் என்று எழுதுகிறான் ஜேக். கோழி கிண்டின மாதிரி எழுத்து. அந்த வாக்கியம் என்னுடையது. காலையில் காபி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, வடிவு, இந்த பிரசன்ட் பர்ஃபெக்ட் என்றால் நிஜமாகவே என்ன, என்று கேட்டான். இருபத்திமூன்று வயசு, லீட்ஸ் பக்கத்தில் ஏதோ ஊர், பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை, அதற்குப் பெயர் தெரியாது. பாவமாக இருந்தது, சொல்லிக்கொடுத்தேன். முன்னால் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான் ஜேக், என்றேன். அதையே இப்போது சொல்கிறான், அதே வார்த்தைகளில், ஹிலரி தலையை ஆட்டுகிறார், லவ்லி என்று உதடு அசைகிறது. பையன் நல்லவன்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லை, பொய், இருக்கிறது. இதே வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் விளக்கம் அதிகம் என்றிருப்பார், மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் வடிவு என்றிருப்பார். என் கூட்டெழுத்தைப் பார்த்து அழகாயிருக்கிறது, ஆனால் இது கல்யாணப் பத்திரிகை இல்லையே, என்றவர். நாலு கோடு நோட்டில் எழுதி எழுதி வாங்கின கையெழுத்து. அதற்காக எனக்குப் பள்ளி ஆண்டு விழாவில் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். இங்கே நான் அச்செழுத்து பழகிக்கொண்டிருக்கிறேன், எல்கேஜி பிள்ளை மாதிரி.

டவுட்ஸ். ஃபெயிலான அந்தப் போன பாடம் இன்னும் மீன் முள்ளாய்க் குத்துகிறது. பாடம் நன்றாகத்தான் போனது. முடிவில், எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட மாதிரி, எனி டவுட்ஸ் என்றேன். யாரும் பேசாததால் இன்னொரு தடவை, டவுட் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றேன். அப்புறம் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குறை நிறை பேசும்போது ஹிலரி தலையைச் சாய்த்து, டூ யூ டவுட் தெம், வடிவு, ஆர் டூ தே டவுட் யூ, என்றார். நீ அவர்களைச் சந்தேகப்படுகிறாயா, அவர்கள் உன்னைச் சந்தேகப்படுகிறார்களா. எல்லோரும் சிரித்தார்கள். ஜேக் சிரித்தான். நானும் சிரித்தேன், அதுதான் ஆறவில்லை, பல்லை இளித்துக்கொண்டு நானும்தான் சிரித்தேன். டவுட் என்றால் நம்பிக்கையில்லாமை, இங்கிலீஷில் அதற்கு அதுதான் அர்த்தம், வகுப்பில் நீங்கள் அப்படிக் கேட்டால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள், இன்னொரு முறை வந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாது, என்றார். ஏன் செய்ய முடியாது. பேனா அவர் கையில்தானே இருக்கிறது. எனக்கு டவுட்டுக்கு அகராதி அர்த்தம் தெரியாதா? மூன்று அகராதி அர்த்தம் தெரியும். எங்களிடம் அது என்ன வேலை செய்கிறது என்று இந்த அம்மாவுக்குத்தான் தெரியாது. எங்கள் ஊரில் பிள்ளை கேள்வி கேட்டால் அடி விழும். என்னட்டி, கேள்வியா கேக்க, என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்த்துக் கேட்பதுதான் கேள்வி. டவுட் அப்படியில்லை. டவுட்டோடு வருகிற பிள்ளையை எந்த வாத்தியாரும் அடிக்க முடியாது. ஜெசிந்தா என்று ஒருத்தி, ஏழாம் வகுப்பு, வருஷம் முழுக்க வாயே திறக்காதவள், ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ், ஒரு டவுட்டு, என்றாள். சொல்லு என்றேன். லெட்டர்ல டியர் சார்னு போடுதோமே மிஸ், பிடிக்காத சாருக்கும் டியரா, என்றாள். கணக்கு சார் அங்கேயேதான் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் டவுட் என்று சொல்லாமல் கேள்வி என்று சொல்லியிருந்தால் கணக்கு சார் எழுந்திருப்பார். இதையெல்லாம் ஹிலரிக்கு யார் சொல்லுவது. சொன்னால் இண்ட்ரஸ்டிங் என்பார். இங்கே இண்ட்ரஸ்டிங் என்றால் போதும் நிறுத்து என்று அர்த்தம், அது எந்த அகராதியிலும் இல்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

அந்த அம்மாவை நான் எப்படிக் கூப்பிடுவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. முதல் நாள் மேடம் என்றேன். ஓ, ப்ளீஸ், ஜஸ்ட் ஹிலரி, என்றார். அறுபது வயசுக்காரியை, எனக்கு மார்க் போடுகிறவரை, ஏ ஹிலரி என்று கூப்பிட என் நாக்கு வராது. அதனால் கூப்பிடுவதேயில்லை. எக்ஸ்க்யூஸ் மி என்று கிட்டப் போய் நிற்கிறேன், கடையில் மிச்சக் காசுக்கு நிற்கிற மாதிரி. அதே முதல் நாள்தான் அவர் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். திஸ் இஸ் வடிவு, ஷி யூஸ்டு டு பி எ டீச்சர் இன் இந்தியா. யூஸ்டு டு பி. டீச்சராக இருந்தவர். சண்முகவடிவு என்ற பெயரைப் பாதியாக வெட்டினது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, எங்கள் பிள்ளைகளும் வடிவு மிஸ் என்றுதான் சொல்லும். இது என்ன இருந்தவர்? செத்துப்போனவர்களைச் சொல்கிற மாதிரி. ஊரைவிட்டுக் கிளம்புகிற வரை பத்தாம் வகுப்புக்குப் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன். விமானத்தில் ஏறி இறங்கினால் தொழில் உதிர்ந்துவிடுமா. அன்றைக்கு அதைச் சொன்னவர், இன்றைக்குக் கடைசிப் பாடத்துக்கு எனக்கு ஒதுக்கியிருக்கிற பாடம் என்ன தெரியுமா, யூஸ்டு டு. வேண்டுமென்றே கொடுத்தது இல்லை, வரிசைப்படி வந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் பொருமித் தீர்த்தேன். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, அவுக பாஷை, அவுக சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயேன் வடிவு, ஒரு வார்த்தைதான, என்றார். ஒரு வார்த்தைதானன்னா அவுக விட்டுட்டுப் போகலாம்லா, என்றேன். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கம்பெனியில் இவரே நாள் முழுக்க டவுட், ஒன் ஸ்மால் டவுட் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார், அங்கே அடுத்த நாற்காலியிலும் எங்கள் பக்கத்து ஆள்தான், ஒருத்தரும் சிரிப்பதில்லை. பூரணி குழம்பைத் தொடாமல் கிண்டிக்கொண்டிருந்தாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் இங்கிலீஷ் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. நான் வாட்டர் என்றால் வோட்ட என்று திருத்துகிறாள், என்னை, நான் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஸ்கூல் வாசலில் நான் அவள் சிநேகிதியின் அம்மாவிடம் பேசப் போனால் கோட்டைப் பிடித்து இழுக்கிறாள். நேற்று அவள் ஒன்றும் இழுக்கவில்லை, திருத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அம்மா, நீ நாளைக்கு ஃபெயில் ஆயிட்டா அப்புறம் என்னவா இருப்ப? என்னவா இருப்ப. சாப்பிடு, பேசாதே, என்றேன். பிள்ளைக்கு டவுட் வந்தால் சாப்பிடு பேசாதே என்று சொல்கிற டீச்சர் நான்.

ஜேக் மேஜையிலிருந்து குதிக்கிறான். முடிக்கப் போகிறான். ஸோ, எனி க்வெஸ்சன்ஸ், கைஸ்? பாருங்கள், வகுப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது பேரும் நோட்டைப் பார்க்கிறார்கள். டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஸ்டெனெக் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், அவருக்குப் புரியாதபோதெல்லாம் கண்ணாடியைத்தான் துடைப்பார். இத்தனை நாளில் எனி க்வெஸ்சன்ஸ் என்று யார் கேட்டும் ஒரு ஆள் வாயைத் திறந்ததில்லை. ஹிலரியே நடத்திக் காட்டினாரே, மாதிரிப் பாடம், அப்போதும் இதே மௌனம்தான். ஆனால் அதற்கு யாருக்கும் மார்க் குறைவதில்லை. சரியான வார்த்தையில் கேட்டாயிற்றே. முதல் வரிசையில் யார்மிளா அம்மாள் மட்டும் பேனா மூடியை மூடித் திறந்து மூடுகிறார். தபாலாபீஸில் வேலை பார்த்தவர், மகள் கனடாவில் கல்யாணமாகிப் போய்விட்டாள், மருமகனோடு பேசத்தான் இந்த வயசில் இங்கிலீஷ் படிக்கிறார். நான் முதன்முதலாக இந்த வகுப்புக்குள் நுழைந்த அன்று பாதி எழுந்துவிட்டு, மற்ற யாரும் எழவில்லை என்று தெரிந்ததும் பாவாடையைச் சரி செய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். இந்த ஊரிலும் அந்தக் காலத்தில் டீச்சர் வந்தால் எழுந்து நிற்பார்களாம். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒருத்தருக்கும் தெரியாது. அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஹிலரி பின்னாலிருந்து, அவருக்குப் பெயர் இருக்கிறது, வடிவு என்று கூப்பிடலாம், என்றார். எனக்குக் கௌரவம் வாங்கிக்கொடுக்கிறாராம். யார் கேட்டது? எனக்கு டீச்சர் போதும். ஐந்து மாதத்தில் இந்த ஊரில் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அந்த அம்மாள்தான், அதையும் திருத்தியாயிற்று. யார்மிளா தலையை ஆட்டினார், திரும்பவும் டீச்சர் என்றார். ஜேக் போர்டை அழிக்கிறான், பாதிதான் அழிக்கிறான். என் முறை. கோட்டை நாற்காலியில் வைக்கிறேன், எழுகிறேன், புடவை கட்டிய நாட்களில் மடிப்பை நீவுகிற பழக்கத்தில் கை பேண்ட்டை நீவுகிறது. எனி க்வெஸ்சன்ஸ், எனி க்வெஸ்சன்ஸ்.

அச்செழுத்தில் எழுதுகிறேன். குறைவாகப் பேசுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன், நடுவில் புகவில்லை, விளக்கவில்லை, வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஐ யூஸ்டு டு ஸ்மோக், முன்னால் புகைத்தேன், இப்போது இல்லை. ஐ ஆம் யூஸ்டு டு த கோல்டு, குளிர் எனக்குப் பழகிவிட்டது. ஒரே எழுத்துக்கள், ஒரு சின்ன ஆம் நடுவில் வந்ததும் அர்த்தம் தலைகீழ். அதில் போனது, இதில் ஒட்டிக்கொண்டது. ஸ்டெனெக் ஐயா ஐ யூஸ்டு டு டிரைவ் டிராம் நம்பர் டுவென்டி டூ என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் நோட்டில் அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் ஐயா. ஹிலரியின் பேனா ஓடுகிறது, முன்பைவிட வேகமாக ஓடுகிறது, புன்னகைகூட இருக்கிறது. பாஸ்தான். கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வாக்கியம். போர்டிலிருந்து தள்ளி நிற்கிறேன். சிரிப்பைப் பூசிக்கொள்கிறேன். எனி க்வெஸ்சன்ஸ்? சொல்லிவிட்டேன். சுத்தமாக, க்வெஸ்சன்ஸ் என்று முழுசாக. ஒன்பது பேரும் நோட்டைப் பார்க்கிறார்கள். கண்ணாடி துடைக்கப்படுகிறது. ஸிப் இழுக்கிற சத்தம், யாரோ பையை மூடுகிறார்கள். மௌனம், ஜேக்குக்குக் கிடைத்த அதே மௌனம், சரியான இங்கிலீஷ் மௌனம். ஹிலரி தலையை ஆட்டுகிறார். லவ்லி. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். பேனா மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது. யார்மிளா கையைத் தூக்குகிறார், மேஜையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும்.

“டீச்சர். ப்ளீஸ். ஐ ஹேவ் டவுட்.”

எங்கே பிடித்தார் இதை. என்னிடம்தான், வேறெங்கே. சிரித்துக் கழித்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்த வார்த்தையை இந்த அம்மாள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பேனா நின்றுவிட்டது, சத்தம் நின்றதே எனக்குக் காதில் விழுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். யூ மீன், யூ ஹேவ் எ க்வெஸ்சன், என்று இதமாகத் திருத்த வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் குட் என்க வேண்டும், சான்றிதழ் என் கையில். திருத்தினால் அந்தக் கை இறங்கிவிடும். இத்தனை நாளில் இந்த அறையில் எழுந்த ஒரே கை. இறங்கினால் இந்த அம்மாள் இனிமேல் தூக்க மாட்டார், எனக்கு அது தெரிகிற அளவுக்கு நான் வகுப்பு பார்த்திருக்கிறேன். பூரணியிடம் சாப்பிடு என்றேன். இல்லை. இன்னொரு தடவை இல்லை.

“டெல் மி யுவர் டவுட்,” என்றேன்.

யார்மிளா நோட்டைப் பார்த்துப் படித்தார். ஐ யூஸ்டு டு லிவ் அலோன், ஐ ஆம் யூஸ்டு டு லிவிங் அலோன், இதில் நான் எது, என்று கேட்டார். நீங்கள் இப்போது தனியாகவா இருக்கிறீர்கள், என்றேன். ஆமாம், போன வசந்தத்திலிருந்து, கணவர் போன பிறகு, என்றார். அப்படியானால் முதலாவது இல்லை, அது முடிந்துபோனதற்கு, என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் பேனாவை வைக்கவில்லை, இரண்டாவது வாக்கியத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அது பழகிவிட்டது என்பதற்கு. பழகிவிட்டதா என்று நான் கேட்க வேண்டும், இலக்கணத்துக்காகக் கேட்டே ஆக வேண்டும், எப்படிக் கேட்பது. இஸ் இட் ஸ்டில் டிஃபிகல்ட்? அவர் ஜன்னலைப் பார்த்தார், யோசித்தார், இருட்டைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஈவ்னிங், என்றார். ஒன்லி ஈவ்னிங். நான் போர்டுக்குத் திரும்பினேன். அச்செழுத்து மறந்துவிட்டது, கை தன் பாட்டுக்குக் கூட்டெழுத்தில் எழுதியது. ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு இட். பழகிக்கொண்டு வருகிறேன், இன்னும் பழகவில்லை. இன்றைய பாடத்தில் இது இல்லை, அடுத்த நிலைக்குப் போனால்தான் வரும், திட்டத்தில் இல்லாததைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தேன். யார்மிளா அந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார், ஐ, ஆம், என்று உதடு அசைய, எழுதி முடித்து, யெஸ், திஸ் இஸ் மீ, என்றார். எனக்கும்தான் அம்மா அது. இங்கே யாரும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பின்னால் பேனா மறுபடி ஓடுகிறது. ஓடட்டும். டவுட் என்று எழுதட்டும், கூட்டெழுத்து என்று எழுதட்டும், விளக்கம் அதிகம் என்று கோடு போட்டு எழுதட்டும், இரண்டு பக்கம் வேண்டுமானாலும் எழுதட்டும். ஸிப் மூடினவர் மறுபடி திறக்கிறார். ஸ்டெனெக் ஐயா கண்ணாடியைத் துடைக்கவில்லை, மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார், கை தலைக்கு மேலே நிற்கிறது. டீச்சர், மீ ஆல்ஸோ டவுட், என்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை. நேரம் முடிந்துவிட்டது, ஹிலரி தன் மணிக்கட்டை உயர்த்திக் கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டுகிறார், நிறுத்து என்று. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஸ்டெனெக் ஐயா பக்கம் திரும்பி, யெஸ், டெல் மி, என்றேன்.